மூட்டையின் அடியில் ஒரு கை

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில், மயிலம் சாலை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கடை. பால் பாக்கெட், பிஸ்கட், சோப்பு, நோட்டு, பேனா, ஷாம்பு என்று கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருக்கும். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கடையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு வரை கல்லாவில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த ஒரு திருட்டு வேலையை, அமெரிக்காவில் முகம் தெரியாத ஒருவர் கண்டுபிடித்தார். அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

2001-ல் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அங்கே கட்டட வேலை. சோப்பு, கோடாலித் தைலம், டார்ச் லைட் எல்லாம் எங்களுக்கு. மகனுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டியும் ஆறு பாக்கெட்டும் கொண்டுவந்தான். உள்ளே சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகள். ஒவ்வொன்றிலும் விநோதமான ஒரு மிருகத்தின் படம், பக்கத்தில் ஏதேதோ எண்கள். போக்கிமான் கார்டு என்றான் தம்பி. மகனுக்கு அப்போது ஏழு வயது. போக்கிமான் என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவனாகவே பேர் வைத்துக்கொண்டான். முதுகிலிருந்து இரண்டு பீரங்கிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்த நீல ஆமைக்கு ‘பீரங்கி ஆமை’ என்று பேர். அதுதான் அவனுடைய செல்லம். கடைத் திண்ணையில் அதை வைத்துக்கொண்டு லாரி எண்ணுவான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். அவசரத்தில் கையில் எது கிடைக்கிறதோ அதில் கணக்கு எழுதிவிடுவார். சிகரெட் அட்டை, காலண்டர் தாள், தன் உள்ளங்கை. ஒருநாள் கூட்ட நேரத்தில் யாரோ கடன் சொல்லிவிட்டுப் பஸ் ஏற ஓட, கல்லாமேல் கிடந்த பீரங்கி ஆமையை எடுத்து, படத்துக்குக் கீழே வெளிர்நிறமாக இருந்த கட்டத்தில் ‘பால் 2 – 12’ என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிட்டார். பையன் அன்று சாயங்காலம் முழுவதும் அழுதான். அவர் ஒரு பெரிய சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணினார். அப்புறம் கார்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய், டப்பா பரணுக்குப் போனது. நாங்களும் மறந்துவிட்டோம்.

போன பொங்கலுக்கு ஒரகடத்திலிருந்து மகன் வந்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஏதோ தேடப் பரணில் ஏறியவன் டப்பாவோடு இறங்கினான். மூடியைத் திறந்து பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அம்மா, இது இன்னா தெரியுமா?”

“உன் பீரங்கி ஆமை.”

“பிளாஸ்டாய்ஸ்மா. பேஸ் செட். 102-ல ரெண்டாம் நம்பர்.”

அன்று ராத்திரி எனக்கு ஒரு பாடமே எடுத்தான். இந்தக் கார்டுகள் 1996-ல் ஜப்பானில் வந்தன. 1999-ல் இங்கிலீஷில் வந்த முதல் வரிசையைத்தான் பேஸ் செட் என்கிறார்கள். அந்த வரிசையில் மொத்தம் 102 கார்டு. அதிலேயே முதல் பதிப்பில் வந்த சாரிசார்ட் என்ற டிராகன் கார்டு ஒன்று, பத்துக்குப் பத்து மார்க் வாங்கியது, 2022-ல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனதாம். நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல்.

“நம்மளுது முதல் பதிப்பு இல்லம்மா. டிராகனும் இல்ல. அவ்ளோலாம் வராது” என்று உடனே சொல்லிவிட்டான். ஆனால் என் காதில் மூன்று கோடி விழுந்துவிட்டது. அப்புறம் சொன்னது எதுவும் சரியாக ஏறவில்லை.

“மார்க்கா? கார்டுக்கு யார்டா மார்க் போடுறது?” என்று கேட்டேன்.

அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றனவாம். பேர் போனது அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய பிஎஸ்ஏ. கார்டை அவர்களுக்கு அனுப்பினால் முதலில் அசலா போலியா என்று பார்ப்பார்கள். பிறகு நான்கு விஷயம். படம் அட்டையின் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நான்கு மூலையும் மழுங்காமல் இருக்கிறதா, ஓரங்கள் உரிந்திருக்கின்றனவா, மேல்பரப்பில் கீறல், கறை, மடிப்பு உண்டா. எல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். சீட்டில் ஒரு நம்பர் இருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் என்ன கார்டு, என்ன மார்க் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். இதே கார்டு உலகத்தில் இதுவரை எத்தனை வந்தன, எத்தனைக்குப் பத்து, எத்தனைக்கு ஒன்பது என்ற கணக்குகூட இருக்குமாம். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த உலகமே பரணைக் கிளறியதில், கார்டுகள் மலைபோல் குவிந்து, 2021 மார்ச் கடைசியில் பெரும்பாலான சேவைகளுக்குப் புதுக் கார்டு வாங்குவதையே அவர்கள் நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது என்றான்.

“இதுக்குப் பணம் வேற கட்டணுமா?”

“ஆமாம்மா. பெங்களூர்ல ஒரு ஃபிரெண்டு பல பேர்கிட்ட வாங்கி மொத்தமா அனுப்புறான். தனியா அனுப்புனா கூரியர் காசே கார்டு விலையைத் தாண்டிடும். எல்லாம் சேர்த்து ஒரு கார்டுக்கு மூவாயிரம் ஆகும்.”

நம் பொருள் எவ்வளவு மோசம் என்று சொல்வதற்கு நாம் காசு கொடுக்க வேண்டுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு அது புதிதில்லை. என் அப்பா மல்லாட்டை போட்டவர். காய வைத்து மூட்டை கட்டி மாட்டுவண்டியில் திண்டிவனம் கமிட்டிக்கு ஏற்றுவார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது கமிட்டிதான். சின்னப் பெண்ணாக நானும் வண்டியில் போயிருக்கிறேன். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாக வருவார்கள். ஒரு கை அள்ளி, உடைத்து, பருப்பைப் பார்த்து, முகர்ந்து, வாயில் போட்டு மென்று, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அப்பா வாயே திறக்க மாட்டார். விற்கிறவன் தன் சரக்கைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவார்கள்?

ஒருமுறை பக்கத்துக் குவியல்காரர் நன்றாகக் காய்ந்த காயை மேலே போட்டு, ஈரக் காயை அடியில் வைத்துவிட்டார். ஒரு வியாபாரி வந்தார். மேலே பார்க்கவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கை அள்ளினார். ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார். அந்த வருடம் முழுவதும் அந்த மனிதரின் சரக்குக்கு மற்றவர்களைவிடக் குறைச்சலாகத்தான் சீட்டு விழுந்தது. நல்ல காய் கொண்டுவந்தபோதும்தான். “ஈரத்துக்கு ஒருதரம்தான் விலை கொறையும். ஒளிச்சதுக்கு எப்பவும் கொறையும்” என்று வண்டியில் வரும்போது அப்பா சொன்னார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்த வேலையைச் செய்தேன்.

காரணம் என் ரெட்டை வடச் செயின். நாலு பவுன். வீட்டுக்காரரின் வைத்தியச் செலவுக்காக பேங்கில் வைத்தது. அன்றைக்கு பேங்கில் நகை மதிப்பிடுகிறவர் அதைக் கல்லில் உரசிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செயின் வரவில்லை. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறேன். கல்யாணம் காட்சிக்குப் போகும்போது கவரிங் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன். மகனுக்கும் இது மனசில் உறுத்தல்தான். “கார்டு நல்லாப் போச்சுன்னா முதல்ல செயினை மீட்டுடலாம்மா” என்று அவன்தான் சொன்னான்.

பிறகு பீரங்கி ஆமையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “இதுதான் இருக்கறதுல பெரிசு. அப்பா எழுதி வெச்சிட்டாரு.”

“அழிச்சிடு” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான்.

“அழிச்சிட்டா இன்னாடா? நம்ம கார்டு, நம்ம அப்பா எழுதுனது. கடையில எத்தினி ரப்பர் இருக்கு.”

“அழிக்கக் கூடாதும்மா. பேனா எழுத்து இருந்தா மார்க்தான் கொறையும். அழிச்சது தெரிஞ்சா மார்க்கே கிடையாது. துடைக்கிறது, ஓரத்தை வெட்டுறது, கலர் அடிக்கிறது எல்லாம் ஏமாத்துற கணக்கு. அதுவும் வாங்குறவன்கிட்ட அசல் மாதிரி விக்கணுமே, அது இன்னாம்மா?”

அவன் படுத்துத் தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை. அவர் கையெழுத்து அதில் இருக்கிறதே என்ற வருத்தமெல்லாம் எனக்கு இல்லை. அவர் எழுதிய கடன் நோட்டு மூன்று பீரோவில் இருக்கிறது, கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. என் மனசு முழுக்க நாலு பவுன்தான்.

ராத்திரி ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். கடையில் பத்து ரூபாய்க்கு விற்கிற நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டில் ஒன்று, கொஞ்சம் பஞ்சு. நேராக ஆமையில் கை வைக்கப் பயம். பேனாக் கோடு விழுந்த வேறு கார்டு இருக்கிறதா என்று தேடினேன். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற பாம்பு மாதிரி ஒன்று, கியாரடோஸ் என்று மகன் சொன்னது, அதன் பின்பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று பார்க்க அவர் கிறுக்கிய சின்னக் கோடு இருந்தது. பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றினேன். கோடு போய்விட்டது. கூடவே அந்த இடத்துப் பளபளப்பும் கொஞ்சம் போய்விட்டது. விளக்கில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மங்கல். ஆனால் மனசுக்குள் என்னமோ பக்கென்றது. ஆமையைத் தொடாமல் அப்படியே எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் மகன் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஐந்து கார்டு எடுத்தான். பிக்காச்சு, ரைச்சு, மச்சாம்ப், கியாரடோஸ், பீரங்கி ஆமை. பாம்பைக் கையில் எடுத்தபோது, “பின்னாடி கொஞ்சம் டல்லடிக்குது, பழசு இல்ல” என்று தானே சொல்லிக்கொண்டான். நான் அடுப்படியில் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆமையை எதுக்குடா அனுப்புற? அதான் எழுத்து இருக்கே. மூவாயிரம் தண்டம்” என்று மட்டும் கேட்டேன்.

“அது விக்கறதுக்கு இல்லம்மா. டப்பாவுல போட்டு பத்திரமா வரட்டும்.”

ஒவ்வொரு கார்டையும் மெல்லிய உறையில் போட்டு, அதைக் கொஞ்சம் விறைப்பான இன்னொரு உறையில் செருகி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினான். குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றுகிற மாதிரி இருந்தது. தை முடிவதற்குள் பார்சல் பெங்களூர் போனது. அப்புறம் மாசி, பங்குனி, சித்திரை. தினமும் போனில் பேசும்போது செயினைப் பற்றி அவனும் கேட்கவில்லை, கார்டைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களோடு வந்தான். பிக்காச்சுக்கு எட்டு. மச்சாம்ப்புக்கு ஏழு. ரைச்சுக்கு ஆறு. பத்தும் இல்லை, ஒன்பதும் இல்லை. ஏழு வயசுப் பையன் திண்ணையில் தேய்த்து விளையாடிய கார்டுக்கு வேறு என்ன வரும்? பீரங்கி ஆமைக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் ‘எம்கே’ என்று இரண்டு எழுத்து. எழுத்தோ கோடோ இருக்கிறது என்பதற்கான அடையாளமாம். ‘பால் 2 – 12’ பிளாஸ்டிக்குக்குள்ளே பளிச்சென்று இருந்தது.

கியாரடோஸ் மட்டும் டப்பா இல்லாமல், போன உறையிலேயே திரும்பி வந்திருந்தது. மார்க் இல்லை. கார்டை ஏதோ செய்து சுத்தப்படுத்தியிருக்கிறார்கள் என்று காரணம். கட்டிய பணம் கட்டியதுதான்.

நான் கடையில் ஒருவருக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மகன் போனில் பேசுவது கேட்டது. பெங்களூர் நண்பனிடம். முதலில் மெதுவாகத்தான் பேசினான். பிறகு குரல் ஏறியது. “நான் கையே வெக்கலடா. எங்க வீட்ல யாரும் தொடல. உன்கிட்ட வந்தப்புறம்தான் எவனோ துடைச்சிருக்கான். நீ ஒத்துக்கோ.”

சர்க்கரையை அப்படியே தராசில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

“டேய், போனை வை. நான்தான்.”

அவன் புரியாமல் பார்த்தான். பாட்டில், பஞ்சு, ராத்திரி ஒரு மணி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையில் நிறுத்துக்கொண்டிருந்தவர், “யக்கா, சர்க்கரை” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மகன் திட்டவில்லை. மறுபடி போன் போட்டான். “மச்சான், மன்னிச்சுக்கோ. எங்க வீட்ல நடந்த தப்பு. உன்மேல பழி போட்டுட்டேன்” என்றான். அம்மா என்று சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“செயினுக்காம்மா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். “கோட்டோட அனுப்பியிருந்தா ஒரு நாலு வந்திருக்கும். கோடே இல்லாம இருந்தா அஞ்சு. அவ்ளோதாம்மா வித்தியாசம்.”

ஒரு மார்க். அதற்காக ஒரு ராத்திரித் தூக்கத்தையும், ஆறு மாத நிம்மதியையும், கொஞ்சம் விட்டிருந்தால் அவனுடைய ஒரு சிநேகிதத்தையும் கொடுத்திருப்பேன்.

நான் தலை குனிந்தே இருந்ததைப் பார்த்து ஒரு கதை சொன்னான். நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட்டோடு பேஸ்பால் வீரர்களின் படம் வைத்துக் கொடுத்தார்களாம். அதில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் கார்டு ரொம்ப அபூர்வம். பிஎஸ்ஏ நிறுவனம் மார்க் போட்ட முதல் கார்டே அதில் ஒன்றுதான். எட்டு மார்க். 2007-ல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அந்தக் கார்டின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். “மார்க் போடுறவங்களும் மனுசங்கதாம்மா. அவங்களே ஏமாந்திருக்காங்க. உன்னைக் கண்டுபிடிச்சிட்டாங்க பாரு, நீ அவ்ளோ கெட்டிக்காரி இல்ல” என்று சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது அப்பாவின் வண்டிதான் ஞாபகம் வந்தது. அந்த வியாபாரி என் மூட்டையிலும் அடி வரைக்கும் கை விட்டுவிட்டார். அவர் மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஐந்து போட்டு அனுப்பியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா? அந்த நேரத்துக்கு இருந்திருக்கும். அப்புறம் யாரோ ஒரு பையன், என் மகன் மாதிரி ஒருவன், சம்பளக் காசைச் சேர்த்துவைத்து, நான் துடைத்த கார்டை அசல் என்று நம்பி வாங்கியிருப்பான். கார்டுக்கு மார்க் போட ஏன் காசு கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விற்கிறவருக்கு நாலு பவுன் அவசரம் இருக்கும். அந்த அவசரம் இல்லாத ஒருவர் நடுவில் வேண்டியிருக்கிறது.

மூன்று கார்டையும் விற்றதில் 11,000 ரூபாய் வந்தது. செலவு 15,000. ஆகமொத்தம் நஷ்டம் 4,000. “சிங்கப்பூர்லேர்ந்து ஓசில வந்ததுக்கு நஷ்டக் கணக்கு எழுதுன ஒரே குடும்பம் நம்மளுதுதான்” என்றான் மகன். அந்த 11,000-ஐ இந்த வருடச் செயின் வட்டிக்குக் கட்டினோம். செயின் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. நான் போடுகிற சீட்டு தையில் முடிகிறது. அவனுடைய போனஸையும் சேர்த்து மீட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.

கியாரடோஸ் கல்லாப்பெட்டியில், சில்லறைக்குக் கீழே கிடக்கிறது. நான்தான் அங்கே வைத்தேன். பீரங்கி ஆமை கல்லாவுக்குப் பின்னால், அவர் படத்துக்குக் கீழே டப்பாவோடு நிற்கிறது. ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். “ஆயா, அது எவ்ளோ?” என்று கேட்கிறார்கள். விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. அந்த இரண்டு பாக்கெட் பாலை யார் வாங்கினார்கள், 12 ரூபாய் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. நோட்டாக இருந்தால் எப்போதோ ஒரு கோடு போட்டு அடித்திருப்பேன். இது பிளாஸ்டிக்குக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. இனிமேல் யார் வந்து கொடுத்தாலும் அந்தக் கணக்கை முடிக்கவே முடியாது.